மானமும் நிதானமும்: பினாங்கில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பிறையில் ஒரு கோயில் மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் நாங்கள் சிலர் உட்கார்ந்து பாரம் நிரப்பிக் கொடுக்கிறோம். சொக்சோ எனும் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம், சேமநிதி, நலத்துறை, தொழிலாளர் இலாகா, பிள்ளைகளின் உபகாரச் சம்பளம் என்று எல்லாம் வரும். பாரம் முடிந்த பிறகும் பலர் எழுந்து போவதில்லை. சற்று நேரம் சும்மா இருந்துவிட்டு, "அக்கா, ஒன்று கேட்கலாமா?" என்பார்கள். அப்படித் திரும்பத் திரும்ப வந்த கேள்விகள்தாம் இவை. கேட்டவர் யாரென்று தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் வரிசையில் நின்று வேலை பார்த்தபோதும், பிறகு தொழிற்சங்கத்தில் இருந்தபோதும் தெரிந்துகொண்டதை வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: மானத்தோடு வாழ்வதெல்லாம் வசதி உள்ளவர்களுக்குத்தானே முடியும்?

வசதி இருந்தால் சில அவமானங்கள் வாசலோடு நின்றுவிடும். அதை மறுக்க மாட்டேன். வாடகை பாக்கி வைத்தவரிடம் வீட்டுக்காரர் பேசும் குரலும், காரில் வந்து இறங்குகிறவரிடம் பேசும் குரலும் ஒன்றாக இருக்காது.

ஆனால் ஒருவருக்கு மானம் இருக்கிறதா என்று நான் பார்ப்பது வேறு இடத்தில். அவர் எதைச் செய்யவே மாட்டேன் என்று வைத்திருக்கிறார்? கூட நிற்பவளைக் காட்டிக்கொடுத்து ஓவர்டைம் வாங்க மாட்டேன். வாங்கிய கடனை வாங்கவில்லை என்று சொல்ல மாட்டேன். என் பிள்ளை பார்க்க யாருடைய காலிலும் விழ மாட்டேன், யாரையும் என் காலில் விழவைக்கவும் மாட்டேன். மாதம் 1,700 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளம் வாங்குகிறவருக்கும் இப்படி ஒரு பட்டியல் இருக்கலாம். பெரிய பங்களாவில் இருப்பவருக்கு அது இல்லாமலும் போகலாம். உங்கள் பட்டியல் என்ன என்று ஒரு நாள் உட்கார்ந்து யோசியுங்கள். ஆத்திரம் வரும் நேரத்தில் யோசிக்க முடியாது.

கேள்வி: பொறுத்துப் போ, பொறுத்துப் போ என்கிறீர்கள். அது அடங்கிப் போவதுதானே, அக்கா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள். "நம்ம தாத்தா பாட்டி எல்லாம் துரையைப் பார்த்தாலே கை கட்டி நின்றவர்கள்" என்ற பேச்சும் சேர்ந்தே வரும். அந்தப் பேச்சு என்னை வருத்துகிறது, ஏனென்றால் அது முழு உண்மை இல்லை.

1941-ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் முன்வைத்த கோரிக்கைகளைப் படித்துப் பாருங்கள். சீனத் தொழிலாளர்களுக்கு இணையான கூலி, பிள்ளைகளுக்கு முறையான படிப்பு, மருத்துவ வசதி, கள்ளுக்கடைகளை மூடுவது, பெண்களிடம் அத்துமீறுவதை நிறுத்துவது, சங்கம் அமைக்க உரிமை. இவற்றோடு இன்னொன்றும் இருக்கிறது. துரையோ தோட்டத்து அதிகாரிகளோ எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்காமல் போக அனுமதி வேண்டும்.

இந்தக் கடைசிக் கோரிக்கையால் ஒரு காசு கூட அதிகம் கிடைக்காது. ஆனாலும் கூலிக்குப் பக்கத்தில் அதை எழுதி வைத்தார்கள். அதுவரை ஒவ்வொரு நாளும் இறங்கித் தள்ளிக்கொண்டு போனவர்கள்தாம் அவர்கள். இறங்கிய காலத்தில் அவர்களுக்கு மானம் இல்லாமல் இருந்ததா? தனியாக ஒருவர் இறங்க மறுத்திருந்தால் வேலையும் போயிருக்கும், குடியிருந்த லயத்து வீடும் போயிருக்கும். சேர்ந்து நிற்கக்கூடிய நாள் வரை அந்த அவமானத்தை மனத்தில் வைத்திருந்து, நாள் வந்தபோது வரிசையாக எழுதிக் கேட்டார்கள். அதற்கு அவர்கள் கொடுத்த விலை பெரியது. தலைவர் ஆர்.எச். நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். படை வந்தது, துப்பாக்கிச்சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள்.

ஆகவே, தம்பி, பொறுத்துப் போகிற ஒருவர் தன்னிடம் மூன்று கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும். எதற்காகப் பொறுக்கிறேன்? எதுவரை பொறுப்பேன்? அதற்குள் என்ன செய்துகொண்டிருக்கிறேன்? "பிள்ளை எஸ்பிஎம் பள்ளித் தேர்வு முடிக்கும் வரை இந்த வேலையில் இருப்பேன், இதற்கிடையில் ஃபோர்க்லிஃப்ட் லைசென்ஸ் எடுக்கிறேன்" என்று ஒருவர் சொன்னால், அவர் திட்டு வாங்குவதைப் பார்த்து நான் பரிதாபப்பட மாட்டேன். மூன்றுக்கும் பதில் இல்லாமல் வருஷக்கணக்காகச் சகித்துக்கொண்டே இருந்தால், நீங்கள் சொன்னது சரிதான், அது அடங்கிப் போவது.

கேள்வி: சுயமரியாதை என்றாலே அரசியல், கடவுள் மறுப்பு என்கிறார் என் அப்பா. அப்படியா?

அந்தப் பெயரில் ஓர் இயக்கம் இருந்தது, இன்றும் இருக்கிறது. பெரியார் தமிழ்நாட்டில் 1925-இல் தொடங்கியது. 1929 டிசம்பரில் அவர் மலாயாவுக்கு வந்தபோது பினாங்கில்தான் கப்பலிலிருந்து இறங்கினார். சாதி பார்ப்பதை விடுங்கள், கள்ளில் கூலியைக் கரைக்காதீர்கள், சடங்குக்காகக் கடன்படாதீர்கள் என்ற பேச்சு அதன் பிறகு இங்கே பலமாகப் பரவியது. எதிர்த்தவர்களும் இருந்தார்கள்.

நான் கோயிலுக்குப் போகிறவள். ஆனாலும் நம் வீடுகளில் சாதி கேட்டுச் செம்பில் தண்ணீர் கொடுத்த காலம் மாறியதில் அந்த இயக்கத்துக்குப் பங்கு உண்டு என்பதை நன்றியோடு சொல்வேன். இன்னொருவர் நம்மை மிதித்தால் கோபம் வருகிறது. நாம் ஒருவரைக் கீழே வைக்கும்போது அது உறைப்பதில்லை. அதையும் உறைக்க வைத்தார்கள். உங்கள் அப்பாவிடம் கடவுளைப் பற்றி வாதாட வேண்டாம். சாதியைப் பற்றி மட்டும் பேசிப் பாருங்கள்.

கேள்வி: சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் கத்துகிறார். அம்மாவை இழுத்துப் பேசுகிறார். திருப்பிக் கொடுத்துவிட்டு வேலையை விட்டுவிடவா?

கத்துகிற நேரத்தில் ஒன்றும் சொல்ல வேண்டாம். பயத்தினால் அல்ல. அந்த நேரத்தில் நீங்கள் சொல்லும் வார்த்தைதான் நாளைக்கு எச்ஆர் அறையில் வாசிக்கப்படும், அவர் சொன்னது வாசிக்கப்படாது. ஷிப்ட் முடிந்ததும் தேதி, நேரம், சொன்ன வார்த்தை, பக்கத்தில் நின்றவர்கள் பெயர் எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். அவர் சொன்ன கெட்ட வார்த்தையை அப்படியே எழுதுங்கள், கூச்சப்பட வேண்டாம்.

அடுத்த நாள், அவர் தனியாக இருக்கும்போது போய் நில்லுங்கள். "நான் செய்த தவறைச் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன். என் அம்மாவைப் பற்றிப் பேச வேண்டாம்." அவ்வளவுதான். குரலை உயர்த்தாமல், கண்ணைப் பார்த்து. இரண்டு வாக்கியத்துக்கு மேல் போனால் அது சண்டையாகிவிடும். இதைச் சொல்லி வேலை போனவர்கள் எனக்குத் தெரிந்து மிகக் குறைவு. சொன்ன பிறகு பேச்சு நின்ற கதைகள் நிறையக் கேட்டிருக்கிறேன். நிற்கவில்லை என்றால் எழுத்தில் புகார் கொடுங்கள், நகலில் கையெழுத்தும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். சங்கம் இருந்தால் சங்கத்தின் வழியாகப் போங்கள். திட்டு இனத்தைக் குறித்து வந்தாலோ, இனத்தால் ஷிப்டும் பதவி உயர்வும் மாறினாலோ, வேலையிடப் பாகுபாடு பற்றிய புகாரை விசாரிக்கத் தொழிலாளர் இலாகா தலைமை இயக்குநருக்கு 2023 ஜனவரி 1 முதல் வேலைவாய்ப்புச் சட்டத்தின் 69எஃப் பிரிவு அதிகாரம் தந்திருக்கிறது.

ராஜினாமாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், இதைத் தயவுசெய்து கவனியுங்கள். ஆத்திரத்தில் எழுதும் ராஜினாமாக் கடிதம் வீரமாகத் தெரியும். ஆனால் தாமாக வேலையை விட்டவருக்கு வேலைக் காப்புறுதிப் பணம் பொதுவாகக் கிடைக்காது. சில முதலாளிகள் ஆளை எரிச்சல்படுத்துவதே அந்தக் கடிதத்தை வாங்கத்தான். "இங்கே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போ" என்று தாளை நீட்டினால், "வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துவிட்டு வருகிறேன்" என்று சொல்லுங்கள். மானத்தைக் காப்பாற்றப் பேனாவைக் கீழே வைக்க வேண்டிய இடம் அது.

கேள்வி: வேலை போய்விட்டது. வீட்டில் இன்னும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது?

இன்று இரவே சொல்லுங்கள்.

தினமும் காலையில் பசியாறிவிட்டு, சாப்பாட்டுப் பொட்டலத்தோடு கிளம்பி, ஃபெர்ரி ஏறி, பாடாங் கோத்தாவில் கடலைப் பார்த்து உட்கார்ந்துவிட்டு, மாலையில் வேலை முடிந்தவர் போலத் திரும்புகிற ஆண்கள் இருக்கிறார்கள். மனைவிக்குப் பெரும்பாலும் தெரிந்துவிடுகிறது. சட்டையில் வியர்வை நாற்றம் இல்லாததை வைத்தே கண்டுபிடித்த ஒரு தங்கை என்னிடம் சொன்னாள்: "வேலை போனதற்கு நான் அழவில்லை அக்கா. என்னை நம்பிச் சொல்லவில்லையே என்றுதான் அழுதேன்." மறைப்பதில் மானம் இருப்பதாக அந்தக் கணவர் நினைத்தார். வீட்டைத் தாங்குகிற ஆள் என்ற பெயர் போய்விடும் என்று பயந்திருக்கிறார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, அந்தத் தனிமையை நினைத்தால் நெஞ்சு வலிக்கிறது.

இன்னொரு காரணமும் இருக்கிறது. நாள் ஓடுகிறது. வேலை இழந்தவர்களுக்கான காப்புறுதித் திட்டம் 2018 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. சொக்சோ நடத்துவது. வேலை போன நாளிலிருந்து 60 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். தகுதி இருந்தால் முதல் மாதம் காப்புறுதிக் கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் சம்பளத்தில் 80 விழுக்காடு, இரண்டாம் மாதம் 50, மூன்றாம் நான்காம் மாதங்களில் 40, ஐந்தாம் ஆறாம் மாதங்களில் 30 விழுக்காடு கிடைக்கும். எத்தனை மாதம் என்பது நீங்கள் சந்தா கட்டிய காலத்தைப் பொறுத்தது. நியாயமான காரணம் இல்லாமல் நீக்கிவிட்டார்கள் என்று நினைத்தால், 1967-ஆம் ஆண்டு தொழில் உறவுச் சட்டத்தின் 20-ஆம் பிரிவில் வேலையைத் திரும்பக் கேட்டு மனுக் கொடுக்கலாம். அதற்கும் 60 நாள்தான். பாடாங் கோத்தாவில் உட்கார்ந்து கழித்த ஒவ்வொரு வாரமும் இந்த 60-இல் கழிகிறது.

"அரசாங்கத்திடம் கை நீட்டவா?" என்று ஒரு பெரியவர் கோபப்பட்டார். அவருடைய சம்பளச் சீட்டை எடுத்துக் காட்டினேன். மாதாமாதம் 0.2 விழுக்காடு அவர் சம்பளத்திலிருந்து பிடித்திருக்கிறார்கள், இன்னொரு 0.2 முதலாளி கட்டியிருக்கிறார். "ஐயா, இது உங்கள் காசு" என்றேன். பாரத்தில் கையெழுத்துப் போட்டார்.

கேள்வி: மற்றவரிடம் உதவி கேட்டால் மானம் போகாதா? வள்ளுவரே இரக்காதே என்கிறாரே?

வள்ளுவர் இரண்டு அதிகாரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறார். 106-ஆவது இரவு, 107-ஆவது இரவச்சம். நாம் இரண்டாவதை மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். பசுவுக்குத் தண்ணீர் வேண்டும் என்று கேட்டால்கூட, கேட்கிற நாக்குக்கு அதைவிட இழிவு வேறில்லை என்று 1066-ஆவது குறள் சொல்கிறது. உண்மைதான். ஆனால் ஒளிக்காத நெஞ்சும் கடமை தெரிந்த மனமும் உள்ளவர் முன்னால் நின்று கேட்பதற்கும் ஓர் அழகு உண்டு என்று 1053-ஆவது குறள் சொல்கிறது. அவர் கேட்காதே என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகவில்லை. யாரிடம் கேட்கலாம் என்றும் சொல்லிவைத்தார்.

என் அனுபவத்தில் பார்த்தால், கேட்கும் விதம் முக்கியம். எவ்வளவு, எதற்கு, எப்போது திருப்புவேன், திருப்ப முடியாவிட்டால் என்ன செய்வேன் என்று நான்கையும் முதலிலேயே சொல்லிக் கேட்பவர் கூனிக் குறுக வேண்டியதில்லை. "ஏதாவது பார்த்துச் செய்யுங்க" என்று தலையைச் சொறிந்தால் கொடுப்பவருக்கும் சங்கடம். இல்லை என்று சொன்னால், "பரவாயில்லைங்க" என்று சிரித்த முகத்தோடு எழுந்து வாருங்கள். ஒரு வருஷம் கழித்து அவர் வீட்டுக் கல்யாணத்துக்கும் போங்கள்.

கேள்வி: கல்யாணக் கடன், வண்டிக் கடன், கார்டு கடன் எல்லாம் சேர்ந்துவிட்டது. ஆலோங் எனும் சட்டவிரோத வட்டிக்காரரிடம் போகலாமா?

வேண்டாம். போய்விட்டீர்கள் என்றால் மறைக்க வேண்டாம், போலீசில் புகார் செய்யுங்கள். வாசலில் சிவப்புப் பெயிண்ட் ஊற்றுவது உங்களை வெட்கப்படுத்தத்தான். வெட்கப்பட்டுப் பேசாமல் இருந்தால் அவர்கள் வேலை சுலபமாகிறது. பெயிண்ட் பட்ட கதவைப் படம் எடுத்துப் புகாரோடு கொடுங்கள்.

வங்கிக் கடன், கார்டு கடன் என்றால் ஏகேபிகே என்ற கடன் ஆலோசனை நிறுவனம் இருக்கிறது. பேங்க் நெகாரா 2006-இல் தொடங்கியது. ஆலோசனைக்குக் காசு வாங்குவதில்லை. எல்லாக் கடனையும் ஒரே தவணைத் திட்டமாக மாற்ற வங்கிகளோடு பேசுவார்கள். தெரிந்த அக்கா நடத்துகிற கூட்டுப் பணத்தில், அதாவது சீட்டில், சேர்ந்து அடைக்கலாம் என்று நினைக்காதீர்கள். கூட்டு நடத்துவதை 1971-ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்கிறது, நடத்துகிறவர் ஓடிவிட்டால் உறவும் போகும் பணமும் போகும்.

கல்யாணத்தைப் பற்றி நான் கடுமையாகவே பேசுவேன். ஊர் மெச்ச மண்டபம் எடுத்து, ஐந்து வருஷம் தவணை கட்டுகிற மாப்பிள்ளையையும் பெண்ணையும் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் ஆறுவதில்லை. கோயிலில் தாலி கட்டி, வாழையிலை போட்டு அறுபது பேருக்குச் சோறு போட்ட கல்யாணங்களைப் பார்த்திருக்கிறேன். யாரும் குறைவாகப் பேசியதில்லை. பேசினாலும் அந்தப் பேச்சுக்கு வட்டி கிடையாது.

கேள்வி: மானம் போனால் உயிர் வாழக்கூடாது என்று குறளில் இருக்கிறதே?

இருக்கிறது. கவரிமானைச் சொல்லும் 969-ஆவது குறள். மேடைகளில் அதைக் கைதட்டலுக்காகச் சொல்கிறவர்கள் கீழே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று யோசிக்க வேண்டும். இழிவான செயலைச் செய்வதைவிடச் சாவு மேல் என்று, செய்யப் போகிறவனைத் தடுக்கச் சொன்னதாகவே நான் அதை எடுத்துக்கொள்கிறேன். தேர்வில் தோற்ற பிள்ளைக்கும், கடன்பட்ட அப்பாவுக்கும், யாரோ படத்தைப் பரப்பிவிட்ட பெண்ணுக்கும் அது பொருந்தாது. அவர்கள் இழிவு எதுவும் செய்யவில்லை. அதே வள்ளுவர் இடுக்கண் அழியாமை என்று ஓர் அதிகாரம் முழுவதும் துன்பத்தைத் தாண்டி வருவதைப் பற்றிப் பேசியிருக்கிறார். இதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

இந்தக் கேள்வியைக் கேட்பவரிடம் நான் சுற்றி வளைப்பதில்லை. "சாக வேண்டும் என்று நினைக்கிறீர்களா?" என்று நேராகக் கேட்கிறேன். ஆமாம் என்றால் அவரைத் தனியாக அனுப்புவதில்லை. உங்களுக்கு அந்த எண்ணம் இருந்தால், இந்தப் பக்கத்தை மூடிவிட்டு இப்போதே யாரையாவது கூப்பிடுங்கள். மனத்துயரில் இருப்பவர்களோடு பேசும் பிஃபிரண்டர்ஸ் கோலாலம்பூர் அமைப்பின் எண் 03-7627 2929, எந்த நேரமும் பேசலாம். சுகாதார அமைச்சின் மனநல உதவி எண் ஹீல் 15555. உடனடி ஆபத்து என்றால் 999, அல்லது பக்கத்து அரசாங்க மருத்துவமனையின் அவசரப் பிரிவு. போலீஸ் வழக்குப் போடும் என்று பயந்து மருத்துவமனைக்குப் போகாமல் இருந்த காலம் போய்விட்டது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக வைத்திருந்த தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவை 2023-இல் நாடாளுமன்றம் நீக்கியது.

கேள்வி: ஆண்பிள்ளை அழலாமா?

அழலாம், தம்பி. அழுதுவிட்டு முகம் கழுவிக்கொண்டு வாருங்கள், கோப்பி குடிக்கலாம்.

கேள்வி: கைத்தொலைபேசியில் ஸ்டோயிக் என்று நிறைய வீடியோ வருகிறது. அதுவும் நீங்கள் சொல்வதும் ஒன்றா?

பாதி ஒன்று. ஸ்டோயிக் தத்துவத்தைத் தொடங்கியவர் ஸீனோ. சைப்ரஸ் தீவிலிருந்து ஏதென்ஸுக்கு வந்தவர், சுமார் கி.மு. 300-இல் அங்கே ஓவியம் தீட்டிய ஒரு தூண் மண்டபத்தில் நின்று பேசினார். பின்னால் வந்தவர்களில் எபிக்டெட்டஸ் ரோமாபுரியில் அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர். மார்க்கஸ் அரேலியஸ் 161 முதல் 180 வரை ரோமாபுரியின் பேரரசர், பல குழந்தைகளைச் சாகக் கொடுத்தவர். எபிக்டெட்டஸின் பாடத்தைப் படித்து அந்தப் பேரரசர் தேறினார் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. அடிமை சொன்னதை அரசன் கேட்டிருக்கிறான்.

அவர்கள் சொன்னதன் சாரம் இது. நம் எண்ணமும் முடிவும் முயற்சியும் நம் கையில் இருப்பவை. உடம்பு, சொத்து, பதவி, பிறர் நம்மைப் பற்றிப் பேசுவது ஆகியவை முழுதும் நம் கையில் இல்லாதவை. முதலாவதில் உழைப்பைப் போடு, இரண்டாவதுக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே.

வீடியோக்களில் இரண்டு கோளாறு பார்க்கிறேன். ஒன்று, கல்லாக இரு, யாரிடமும் ஒட்டாதே என்று பையன்களுக்குச் சொல்கிறார்கள். ஸ்டோயிக்குகள் குடும்பம், நட்பு, ஊர்க் கடமை எல்லாவற்றையும் பெரிதாக நினைத்தவர்கள். இன்னொன்று அதைவிட மோசம். கம்பெனி நடத்தும் பயிற்சியில், "சம்பளம் உங்கள் கையில் இல்லை, மனநிலைதான் உங்கள் கையில்" என்று முடித்துவிடுகிறார்கள். அவர்கள் போற்றிய நான்கு குணங்கள் அறிவு, துணிவு, நிதானம், நீதி. நீதியை விட்டுவிட்டு மற்ற மூன்றை மட்டும் தொழிலாளிக்குப் போதிப்பது எனக்குச் சம்மதம் இல்லை. சம்பளம் உயருமா என்பது உங்கள் கையில் இல்லை. சங்கத்தில் சேர்வதும், எழுதிக் கேட்பதும், பக்கத்தில் நிற்பவருக்காகச் சாட்சி சொல்வதும் உங்கள் கையில் இருக்கின்றன.

கேள்வி: புருஷன் அடிக்கிறார். பொறுத்துப் போனால்தான் குடும்ப மானம் நிற்கும் என்கிறார் மாமியார்.

இதில் பொறுமைக்கு வேலையே இல்லை, அம்மா. அடித்தவருக்குத்தான் மானக்கேடு, அடி வாங்கியவருக்கு இல்லை. மேலே சொன்ன மூன்று கேள்வியையும் இங்கே போட்டுப் பார்க்க வேண்டாம்.

மாமியாரிடம் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள். அடிபட்டிருந்தால் அரசாங்க மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போய், எப்படி அடிபட்டது என்று உண்மையைச் சொல்லுங்கள். படியில் விழுந்தேன் என்று சொன்னால் அதுதான் பதிவாகும். அரசாங்க உதவித் தொலைபேசியான தாலியன் காசே எண் 15999, இருபத்துநான்கு மணி நேரமும் உண்டு. 1994-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தில் நலத்துறை அதிகாரி தரும் அவசரப் பாதுகாப்பு உத்தரவு 7 நாள் செல்லும். அதற்கு முதலில் போலீஸ் புகார் இருக்க வேண்டும் என்பதில்லை. பினாங்கில் 1985-இலிருந்து இயங்கும் டபிள்யூசிசி என்ற பெண்கள் மையம் ஆலோசனை சொல்லும், கூட வரும். ஐசி (அடையாள அட்டை), பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகம், கொஞ்சம் கைக்காசு ஆகியவற்றை நம்பிக்கையான ஒருவர் வீட்டில் இப்போதே கொடுத்து வையுங்கள்.

கேள்வி: வாடகைக்கு வீடு கேட்டால், பெயரைக் கேட்டதும் "இந்தியருக்கு இல்லை" என்கிறார்கள். சிரித்துவிட்டு வருவதா, சண்டை போடுவதா?

அந்த வலி எனக்குத் தெரியும். அதை இலேசாக எடுத்துக்கொள் என்று சொல்ல மாட்டேன். ஒரு பட்டதாரிப் பெண், கையில் மூன்று மாத முன்பணத்தோடு போய், வாசலிலிருந்தே திரும்பி வந்து மண்டபத்தில் கைகள் நடுங்க உட்கார்ந்திருந்தாள்.

அவளுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். "உங்கள் விருப்பம் தெரிந்தது, நன்றி" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்குங்கள். உங்கள் சம்பளச் சீட்டைக் காட்டி, நான் அப்படிப்பட்ட இந்தியன் இல்லை, நான் சுத்தமாக இருப்பேன் என்று மன்றாட வேண்டாம். அப்படி மன்றாடும்போது உங்களுக்குப் பின்னால் வரப்போகிறவனைத் தள்ளிவிடுகிறீர்கள். வீடு கொடுக்கிற நல்ல வீட்டுக்காரர்கள் எல்லா இனத்திலும் இருக்கிறார்கள். அவர்கள் பெயரை நாங்கள் ஒரு நோட்டில் எழுதி வைத்துத் தேடி வருகிறவர்களுக்குக் கொடுக்கிறோம். நீங்கள் குடியேறிய பிறகு அடுத்தவருக்காக உங்கள் வீட்டுக்காரர் பெயரையும் அதில் சேர்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: காவடி எடுத்தால் மனவுறுதி வருமா?

பினாங்கின் தண்ணீர்மலை முருகன் கோயிலில் தைப்பூசத்தன்று 513 படி ஏறுகிறவர்களைப் பார்த்து வளர்ந்தவள் நான். அதன் பலனை நான் அலகில் பார்க்கவில்லை, அதற்கு முந்தைய விரத நாட்களில் பார்க்கிறேன். தரையில் படுக்கை, ஒரு வேளைச் சாப்பாடு, கோபப்படக்கூடாது, குடிக்கக்கூடாது. இவையெல்லாம் யாரும் திணிக்காமல் நாமே ஏற்றுக்கொண்ட கஷ்டங்கள். எது இல்லாமலும் இருக்க முடியும் என்று உடம்புக்குத் தெரிந்துவிட்டால் பயம் குறைகிறது. ரோமாபுரிக்காரர் செனெக்காவும் சில நாட்கள் எளிய சாப்பாடும் முரட்டுத் துணியுமாக இருந்து பார்க்கச் சொன்னார்.

ஆனால் விரதத்துக்கு முடிவு நாள் தெரியும். வாழ்க்கையில் வரும் கஷ்டத்துக்குத் தெரியாது. பூசம் முடிந்த மறுநாளே பழையபடி மனைவியிடம் கத்துகிறவருக்கு ஏறிய படி கணக்கில் வராது என்பது என் கருத்து.

கேள்வி: பிள்ளைக்கு இதை எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

சொல்லிக்கொடுக்க முயன்றால் கொட்டாவி விடுவார்கள். கடையில் மீதிச் சில்லறை தப்பாக வந்தால், அது அதிகமாக இருந்தாலும் குறைவாக இருந்தாலும், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்ச் சொல்லுங்கள். குறைவாக இருந்தபோது கத்தாமல் கேட்டீர்களா, அதிகமாக இருந்தபோது திருப்பினீர்களா என்பதை அது பார்த்துக்கொள்ளும். பள்ளியில் யாராவது நிறத்தைச் சொல்லி அழைத்தால், "அதெல்லாம் கண்டுக்காதே" என்று முடிக்காதீர்கள். முதலில் முழுக் கதையையும் கேளுங்கள். பிறகு ஆசிரியரிடம் நீங்களே போங்கள், பிள்ளையை வெளியே உட்கார வைக்காமல் கூடவே வைத்துக்கொண்டு பேசுங்கள். அப்பாவோ அம்மாவோ தனக்காக மரியாதையாக வாதாடுவதைப் பார்த்த பிள்ளை அதை மறக்காது.

கேள்வி: மண்டபத்துக்கு வரும்போது என்ன கொண்டுவர வேண்டும்?

ஐசி. வேலை நியமனக் கடிதம். கடைசி ஆறு மாதச் சம்பளச் சீட்டு. இல்லையென்றால் சம்பளம் விழுந்த வங்கிக் கணக்குத் தாள். நீக்கிய கடிதம் இருந்தால் அது, வாட்ஸ்அப்பில் நீக்கியிருந்தால் அந்தச் செய்தியை அழிக்காமல் கைபேசியோடு வாருங்கள். தேதி போட்டு எழுதி வைத்த குறிப்புகள், அழகாக எழுதியிருக்க வேண்டியதில்லை. வேலை போய் எத்தனை நாள் ஆனது என்று எண்ணிக்கொண்டு வாருங்கள். 60-ஐ நெருங்கிவிட்டது என்றால் ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்காமல் நேராகச் சொக்சோ அலுவலகத்துக்கோ தொழில் உறவுத் துறைக்கோ போய்விடுங்கள்.